காமிராவின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பழைய படம் பார்க்கும்போது சிலர் கதாநாயகியைப் பார்ப்பார்கள். சிலர் பாட்டுக்குக் காத்திருப்பார்கள். என் கண் போவது படத்தில் வருகிறவர் கழுத்தில் தொங்கும் காமிராவின் மேல். ரயில்வேயில் பெட்டிகளோடு வாழ்ந்தவனுக்கு இது தொழில்வழி வந்த பழக்கம். எழுத்தைப் படிக்காமலே, சக்கரச் சட்டத்தைப் பார்த்து அது பெரம்பூர்ப் பெட்டியா இல்லையா என்று சொல்வோம் அல்லவா? காமிராவும் அப்படித்தான்.

ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) படத்தில் காமிராவின் பெயரை மறைத்திருப்பார்கள். ஆனாலும் படம் எடுக்கும் பொத்தான் இடப்பக்கம் இருப்பது காட்டிக் கொடுத்துவிடும்: ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து எக்ஸாக்டா. மேலும் கீழுமாக இரண்டு கண் இருந்து, குனிந்து பார்த்துப் படமெடுத்தால் ரோலிஃப்ளெக்ஸ் வகை. அது 1929இல் வந்தது. உச்சியில் கூரை போன்ற மேடு இருந்தால் நிக்கான் எஃப் போன்றது. 'ப்ளோ அப்' (1966) படத்தில் அதைக் காணலாம். நிக்கான் எஃப் வந்ததோ 1959இல். ஆகவே 1947இல் நடக்கும் கதையில் நிருபர் கையில் அது இருந்தால், கலை இயக்குநர் பன்னிரண்டு வருடம் முந்திவிட்டார் என்று பொருள்!

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பால்கே 1912இல் லண்டனிலிருந்து வில்லியம்சன் காமிரா வாங்கி வந்து, 'ராஜா ஹரிச்சந்திரா'வை (1913) உருவாக்கியது மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில்தான். புகைப்படக்காரர் இருவரையே நாயகர்களாக்கிய 'ஜானே பீ தோ யாரோ' (1983) படமும் பம்பாய்க் கதைதான். படத்தைப் பெரிதாக்கியபோதுதான் அதில் பதிந்த கொலை தெரிகிறது.

"இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கலாம். ஆகும். காமிராவை அறிந்தால் படத்தின் காலத்தை அறியலாம். உங்கள் வீட்டு நெகடிவ் ஆறு சென்டிமீட்டர் சதுரமா? பரோடாவில் தயாரான அக்ஃபா க்ளிக் 3 எடுத்ததாக இருக்கலாம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். இருபுறமும் பல்துளையோடு சிறியதாக இருக்கிறதா? அது 35 மில்லிமீட்டர். விளிம்பில் ஃபிலிம் கம்பெனியின் பெயரும் இருக்கும். நம் ஊட்டித் தொழிற்சாலையின் 'இந்து' என்ற பெயர் இருந்தால், அந்தப் படம் அறுபதுகளுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

இன்று செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய கட்டடங்கள் இடிந்து புதிய கோபுரங்கள் எழுகின்றன. தாராவியும் மாறப்போகிறது. வீடு காலி செய்யும் அவசரத்தில் பரணிலுள்ள தகரப்பெட்டி அப்படியே ரத்திவாலாவிடம் போகிறது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் முதல் தெருவும், அந்தத் தெருவின் பொங்கலும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். அந்தத் தெருவின் முகம் இருக்காது. காமிரா போனால் போகட்டும், சந்தையில் இன்னொன்று கிடைக்கும். நெகடிவுக்கு மாற்று கிடையாது.

ஆகவே வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். காமிராவுக்குள் ஃபிலிம் இருக்கலாம் என்று தோன்றினால் பின்மூடியைத் திறக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு. நெகடிவில் வினிகர் வாடை வந்தால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அறிந்து, உடனே ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றைக் காகித உறையிலிட்டு, மழைக்கால ஈரம் படாமல் வையுங்கள். பிரதியின் பின்புறம் பெயர், ஊர், வருடம் மூன்றையும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.