கச்சான் வெக்கையல்ல இது

கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புவெளியில் நள்ளிரவில் வியர்வையில் நனைந்து விழித்தெழும் பெண்ணுக்கு வீட்டார் கூறும் காரணம் ஒன்றேதான்: வெக்கை. ஆனால், மாரி மழை கொட்டும் மார்கழியிலும் அதே பெண் எழுந்து ஜன்னலைத் திறக்கிறாள் என்றால் பழியைக் காற்றின் மீது சுமத்த முடியாது. மாதவிடாய் நிற்கும் பருவம் அவளை வந்தடைந்திருக்கிறது என்பதே உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையில் நிகழ்கின்றது. திடீர் உடற்சூடு, உறக்கமின்மை, மூட்டு நோவு, காரணமற்ற சினம் ஆகியன சில மாதங்களில் ஓய்ந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவில் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்றின் 2015 ஆம் ஆண்டு முடிவோ, அடிக்கடி உடற்சூட்டினால் அவதியுறும் பெண்களுக்கு அது சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நீடிப்பதாகக் கூறுகின்றது.

இத்தனை நீண்ட துன்பம் எமது வீடுகளில் பேசப்படுவதில்லை. 'துடக்கு' நீங்கியதென்று கோயில் நேர்த்திகளில் தடையின்றி ஈடுபடலாம் என மகிழும் தாயும், நோன்பை இடைவிடாது முழுமையாக நோற்கலாம் என ஆறுதல் கொள்ளும் உம்மாவும் உடலின் உபாதையை எவரிடமும் சொல்வதில்லை. முஸ்லிம் பெண்களிடையே இன்னுமொரு சிக்கல் உண்டு. மாதவிடாய் ஒழுங்கு குலையும் காலத்தில் கண்ட இரத்தம் ஹைழா, இஸ்திஹாழாவா, தொழலாமா என்ற கேள்வி மௌலவியிடம் போகிறது. அது முறையே. எனினும் மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின்னர் ஒரு துளி இரத்தம் தென்பட்டாலும் அதே கேள்வி வைத்தியரிடமும் போக வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

உடல் பருமன் விடயத்திலும் தெளிவு தேவை. எடை கூடுவதற்கு மாதவிடாய் நிற்பது மாத்திரம் காரணமல்ல. வயதோடு தசை குறைகின்றது. உடல் செலவிடும் சக்தியும் குறைகின்றது. தட்டில் விழும் சோறு மட்டும் குறைவதில்லை. ஈஸ்ட்ரஜன் குறைவதால் நிகழ்வது வேறொன்று: இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம்பெயர்கின்றது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி சமைப்பது இந்த வயிற்றுக் கொழுப்பே. தெற்காசியப் பெண்களுக்கு இடைச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே எச்சரிக்கை என்பது அளவுகோல். ஒரு தையல் நாடா போதும் இதனை அறிய.

பாண், பிட்டு, இடியப்பம், சோறு என மூவேளையும் மாப்பொருளே நிறையும் தட்டில், கடலோரத்தில் வாழும் நாம் மீனையும் பருப்பையும் கீரையையும் கூட்டி மாப்பொருளைக் குறைப்பது பெரும் செலவான காரியமல்ல என்று எழுதுவது எளிது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் நல்ல மீன் விற்கும் விலையை நாம் அறியாதவர்களல்லர். ஆயினும் சாளையும் முருங்கைக்கீரையும் இன்னும் எட்டாத தொலைவிற்குப் போய்விடவில்லை. சீனி போட்ட தேநீரை நாளொன்றுக்கு இரண்டு குவளை குறைப்பதற்கும் பணம் தேவையில்லை. நோன்பு நாட்களில் இஃப்தாருக்குப் பின் கஞ்சியோடு நில்லாது சமோசா, கட்லட், ரோல்ஸ் என நீளும் பந்தியும், விரதம் முடித்து இரவில் உண்ணும் பெருஞ்சோறும் பகற்பொழுதின் பயனை விழுங்கிவிடுகின்றன. நீரிழிவு மருந்து உட்கொள்வோர் ரமழானுக்கு முன்பே வைத்தியரைக் காண்பது அவசியம்.

மெலிய வைக்கும் தேநீர், மாத்திரை என்று கைத்தொலைபேசி வழியே விற்கப்படுபவை பற்றியும் கூற வேண்டும். இதய ஆபத்தின் காரணமாக 2010 இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, 'மூலிகை' எனப் பெயரிட்ட இத்தகைய பொருட்களில் மறைவாகக் கலக்கப்பட்டமை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இல்லாத எதனையும் வாங்காதிருப்பதே நலம்.

மறுபுறம், உண்மையான மருந்தைக் கண்டு அஞ்சுகிறோம். 2002 இல் அமெரிக்க ஆய்வொன்று இடைநடுவே நிறுத்தப்பட்டதன் பின்னர் ஹோர்மோன் சிகிச்சை என்றாலே மார்பகப் புற்றுநோய் என்ற பீதி பரவியது. அவ்வாய்வில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அறுபது வயதிற்குட்பட்ட, மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் கடவாத, கடும் உபாதையுள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டியோ ஏற்பட்டிருந்தவர்களுக்கு இது பொதுவாக உகந்ததல்ல. முடிவு வைத்தியருடையதும் அப்பெண்ணுடையதும், அயலவருடையதல்ல.

எமது நாட்டில் 1996 முதல் பெண்களுக்கான 'சுவநாரி' கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் இலவசமாக நடைபெற்று வருகின்றன. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன அங்கே பரிசோதிக்கப்படுகின்றன. ஆனால், அவற்றை நாடுவோர் போதாது. குடும்பநல உத்தியோகத்தர் மகளின் பச்சிளங்குழந்தையைப் பார்க்க வீட்டிற்கு வருகிறார், நிறுக்கிறார், அட்டையில் பதிகிறார். அடுக்களையில் மகளுக்குச் சரக்குக்கறி அரைத்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயது அம்மம்மாவின் உறக்கத்தைப் பற்றி விசாரிக்க அவருடைய பதிவேட்டில் இடமில்லை. அந்த இடம் ஏற்படுத்தப்பட வேண்டும். காலை வேளையில் மாத்திரம் நடைபெறும் கிளினிக், மீன்வாடியிலும் விடுதிகளிலும் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்களுக்குப் பயன்படாது. மாதத்தில் ஒரு மாலையாவது, தமிழ் பேசும் பெண் வைத்தியரோடு அது திறந்திருக்க வேண்டும். உல்லாசப் பயணிகள் உலாவும் உப்புவெளிக் கடற்கரையில் எமது பெண்கள் அச்சமின்றி நடப்பதற்கு வெளிச்சமிடப்பட்ட ஒரு பாதையையும் பிரதேச சபையிடம் கேட்கிறோம்.