விருது பெற்ற இயந்திரங்களும் விலை கொடுக்கும் மக்களும்

சில மாதங்களுக்கு முன்னர், நாற்பது ஆண்டு காலப் பழக்கமுடைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடையில் ஒரு பகுதியையும் வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணத்தையும் சேர்த்து, ஆயிரம் சி.சி. டேர்போ கார் ஒன்றை வாங்கியிருந்தார். கண்டி வீதியில் வந்துகொண்டிருக்கையில் ஒயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. அடுத்த பெற்றோல் நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியிருக்கிறார். நிலையம் வருமுன்னரே இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. அப்போது மானியில் 78,000 கிலோமீற்றர்.

விற்றவர்களிடம் சென்று கேட்டபோது, "ஒயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் இப்படி நடந்திராது, சேர்" என்று பதில் கிடைத்தது. நண்பர் காரில் ஒட்டப்பட்டிருந்த அட்டையைக் காட்டினார். ஒவ்வொரு 10,000 கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்ற வேண்டும் என்று அதே இடத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்த அட்டை அது. அதன்படியே அவர் மாற்றியும் வந்திருக்கிறார்.

அந்தக் கார் எந்தத் தயாரிப்பு, விற்றவர் யார் என்பதெல்லாம் இங்கு அவசியமில்லை. அந்த அட்டைதான் இக்கட்டுரைக்குக் காரணம். நான் பொறியியலாளன் அல்லன். ஆனால் ஒரு பொருள் பழுதடையும்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது, அந்தப் பொருள் அவ்வாறு ஆக்கப்படுவதற்கு யார் காரணம் என்று கேட்பது பத்திரிகையாளனின் தொழில். சிறிய டேர்போ இயந்திரங்களைப் பற்றி அந்தக் கேள்வியைத்தான் கேட்க விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் காரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1950களின் தொடக்கத்தில் வந்த அதன் இயந்திரம் 1200 சி.சி. கொண்டது, வலு ஏறக்குறைய 40 குதிரைவலு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இக்கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. தொடக்கி வைப்பதற்கு மட்டும் ஒரு துளி பெற்றோல். இன்று பிரெஞ்சு நிறுவனங்களின் 1.2 லீற்றர் பியூர்டெக் டேர்போ இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1199 சி.சி. அளவு ஒன்றுதான், ஆனால் வலு 130 குதிரைவலுவும் அதற்கு மேலும்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. ஒஸ்ரினின் சிலிண்டரை எத்தனை தடவை கடைந்து கொடுத்தோம் என்பதும், அது எவ்வளவு புகை கக்கியது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே கொள்ளளவிலிருந்து மும்மடங்கு வலுவைக் கறப்பது இலவசமாக நடைபெறுவதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

டேர்போ என்பது என்ன? இயந்திரத்திலிருந்து வெளியேறும் எரிவாயு ஒரு சிறு சில்லைச் சுழற்றுகிறது. அச்சில்லோடு இணைந்த மற்றொரு சில்லு வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்றோடு கூடுதல் எரிபொருள் எரிந்து கூடுதல் வலு பிறக்கிறது. அந்த அச்சு நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுகள் வரை சுழலக் கூடியது. அதன் ஒரு பக்கத்தில் 900 பாகை செல்சியஸ் அளவில் சூடான வாயு. அந்த அச்சைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. ஒயில் கெட்டால், குறைந்தால், அழுத்தம் இழந்தால் எல்லாம் முடிந்தது. ஒஸ்ரின் காரில் ஒயில் ஒரு பராமரிப்புப் பொருள். இந்த இயந்திரத்தில் அது உயிர்.

இனி விருதுகளின் கதைக்கு வருவோம். உலகின் சிறந்த கார் இயந்திரத்துக்கு மோட்டார் துறைப் பத்திரிகையாளர்கள் கூடி ஆண்டுதோறும் ஒரு சர்வதேச விருது வழங்கி வந்தார்கள். 2009 முதல் 2014 வரை, ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, முதற் பரிசு சிறிய டேர்போ இயந்திரங்களுக்கே சென்றது. 2009, 2010 இல் வொக்ஸ்வாகனின் 1.4 லீற்றர் இயந்திரம். 2011 இல் பியற்றின் இரண்டு சிலிண்டர் இயந்திரம். வெறும் 875 சி.சி. 2012, 2013, 2014 இல் போர்ட் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் ஈக்கோபூஸ்ட், ஒரு லீற்றர். அதன் உடற்பகுதி ஒரு ஏ-4 தாளின் மேல் அடங்கிவிடும் என்று பெருமையாகச் சொன்னார்கள். பியூர்டெக் இயந்திரமும் 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகள் தனது கொள்ளளவுப் பிரிவில் பரிசு வாங்கியது.

பரிசு வாங்கியவர்களின் பிற்காலம் எப்படி? வொக்ஸ்வாகனின் அந்த 1.4 இயந்திரம் பிஸ்டன் உடைவதற்கும் டைமிங் சங்கிலி நீள்வதற்கும் பெயர் போனது. ஈக்கோபூஸ்ட், பியூர்டெக் இரண்டிலும் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடுமாறு அமைக்கப்பட்டது. உராய்வு குறையும், எரிபொருளில் ஒரு சிறு பங்கு மிச்சமாகும் என்பதே காரணம். குறுந்தூர ஓட்டங்களில் எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கிறது. அந்தக் கலவையில் ஊறிய ரப்பர் உப்பித் துகள்களாக உதிர்கிறது. துகள்கள் ஒயில் உறிஞ்சும் வடியை அடைக்கின்றன. அழுத்தம் வீழ்கிறது, தாங்கிகளும் டேர்போவும் ஒயிலின்றித் தேய்கின்றன. சிலவற்றில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பும் பாதிக்கப்படுகிறது.

இது கராஜ் வாசலில் பேசப்படும் வதந்தி அன்று. பியூர்டெக் பெல்டுக்கு முதலில் பத்தாண்டு என்று சொல்லப்பட்ட மாற்றுக் காலம் பின்னர் ஆறாண்டாகவும் 100,000 கிலோமீற்றராகவும் குறைக்கப்பட்டது. 2024 இல் அதன் உற்பத்தியாளரான ஸ்டெலான்ரிஸ் ஐரோப்பாவில் பத்தாண்டு அல்லது 175,000 கிலோமீற்றர் வரை உத்தரவாதத்தை நீடிக்க வேண்டியதாயிற்று. ஈக்கோபூஸ்டின் ஒயில் பம்பை இயக்கும் பெல்டில் ஏற்பட்ட கோளாறுக்காக 2023 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 140,000 கார்களை போர்ட் திருப்பியழைத்தது. ஹொண்டாவும் தப்பவில்லை. 2018 இல் சீனாவின் கடுங்குளிர்ப் பகுதிகளில் அதன் 1.5 லீற்றர் டேர்போ இயந்திரங்களில் பெற்றோல் ஒயிலோடு கலந்ததனால் இலட்சக்கணக்கான கார்கள் திருப்பியழைக்கப்பட்டன.

இதற்கும் மேலாக ஒன்று உண்டு. இவ்வகை இயந்திரங்களைக் குறைந்த சுற்றில், உயர் கியரில் வைத்து வேகமுடுக்கியை அழுத்தினால், தீப்பொறி எழுமுன்னரே சிலிண்டருக்குள் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அந்த அடியில் பிஸ்டன் உடையலாம். ஒயிலிலுள்ள கல்சியச் சேர்மானங்கள் இதைத் தூண்டுகின்றன என்று கண்டறியப்பட்டது. இதைத் தடுக்கும் பரிசோதனை அடங்கிய புதிய ஒயில் தரத்தை அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் 2018 இல் எஸ்.என். பிளஸ் என்றும், 2020 இல் எஸ்.பி. என்றும் வெளியிட்டது. அதாவது, கார்கள் வீதிக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவற்றுக்கு ஏற்ற ஒயிலின் தரம் வரையறுக்கப்பட்டது. பரிசோதனைக்கூடம் எது என்று கேட்கிறீர்களா? வாங்கியவர்களின் வீட்டு முற்றந்தான்.

இத்தனை கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் ஏன் இவ்வாறு செய்தார்கள்? அவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்களுக்கு வைக்கப்பட்ட பரீட்சை அப்படிப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் நிறைவேற்றிய சட்டம், புதிய கார்களின் கரியமில வாயு வெளியேற்றத்தைச் சராசரியாகக் கிலோமீற்றருக்கு 130 கிராமாகக் குறைக்குமாறு 2015 ஐ இலக்காக வைத்தது. அதை அளந்த பழைய ஆய்வுகூடச் சோதனை 20 நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் கார் 50 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 26 விநாடிகள் எடுத்துக்கொள்ளும். மாட்டு வண்டியை முந்துவதற்கும் அதனைவிட அவசரப்படுவோம். அத்தகைய மெதுவோட்டத்தில் டேர்போவுக்கு வேலையே இல்லை. சிறிய இயந்திரம் சிறிய இயந்திரமாகவே குடித்துப் புள்ளிகளை அள்ளியது. வீதியில் நால்வர் ஏறி மலைப்பாதையில் மிதிக்கும்போது அது பெரிய இயந்திரமாகக் குடித்தது. கடுமையான புதிய சோதனை முறை 2017 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த காலத்தில், வொக்ஸ்வாகன் தனது 1.4 ஐ 1.5 ஆகப் பெருப்பித்தது. அளவைச் சுருக்கும் இந்த ஓட்டத்தில் சேர மறுத்த மஸ்டா, 2011 இலேயே டேர்போ இல்லாத, 14க்கு 1 என்ற உயர் அமுக்க விகிதமுடைய இயந்திரத்தைச் செய்து காட்டியது. மாற்று வழி இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

எமது நாட்டில் அந்தப் பரீட்சையின் பெயர் தீர்வை. 1000, 1300, 1500 சி.சி. என்று கோடுகள் கீறி, இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு வரி அறவிடுகிறோம். ஆயிரத்தைத் தாண்டினால் விலை தாவுகிறது. ஆகவே 996 சி.சி., 999 சி.சி. கார்கள் கொழும்புத் துறைமுகத்தில் வரிசை கட்டுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோதும் அக்கோடுகள் அழிக்கப்படவில்லை. ஒரு லீற்றரில் 100 குதிரைவலுவுக்கு மேல் கக்கும் இயந்திரமும், 67 குதிரைவலுவோடு நிம்மதியாக ஓடும் இயந்திரமும் எமது சுங்கத்தின் கண்ணுக்கு ஒன்றே. கோடு எங்கே கீறப்படுகிறதோ அங்கேதான் சந்தை போய் நிற்கும்.

அடுத்து, அந்த அட்டை. ரொயோட்டா நிறுவனம் ஜப்பானில் தனது வாடிக்கையாளருக்குச் சொல்வது இதுதான். டேர்போ இல்லாத பெற்றோல் காருக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டுக்கொரு தடவை ஒயில் மாற்றம். டேர்போ பெற்றோல் காருக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். கடும் பாவனையாயின் 2,500 கிலோமீற்றர் அல்லது மூன்று மாதம். கடும் பாவனை என்றால் என்ன? தூசு நிறைந்த பாதை, அடிக்கடி குறுந்தூர ஓட்டம், நின்று நின்று ஊர்தல். காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையைக் கடக்கும் எவரும் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருவார். இந்த அறிவுறுத்தல் ஜப்பானிய மொழியில் அச்சிடப்பட்டு, காரோடு கையுறைப் பெட்டிக்குள் இந்நாட்டுக்கு வருகிறது. அதை வாசிக்க இங்கு எவருமில்லை. அதன் இடத்தில் 10,000 என்று எழுதிய அட்டை ஒட்டப்படுகிறது.

இக்கட்டத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். "லொறிகளில் டேர்போ இல்லையா? எமது வீதிகளில் ஓடும் சுசூக்கி எவ்ரி போன்ற 660 சி.சி. ஜப்பானிய வான்களில் டேர்போ ஓடவில்லையா?" ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. நான் டேர்போவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஜப்பானின் 660 சி.சி. கார்களுக்கு 64 குதிரைவலு என்ற எல்லையை உற்பத்தியாளர்களே தமக்குள் இணங்கி வைத்துக்கொண்டார்கள். ஒயிலை அடிக்கடி மாற்றுமாறும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். லொறியின் இயந்திரம் சுமைக்கென்றே தடித்த உலோகத்தில் வார்க்கப்படுகிறது. குற்றம் கருவியில் இல்லை. கடைசித் துளி வலுவையும் பிழிந்தெடுத்துவிட்டு, "பராமரிப்புச் செலவு குறைவு" என்றும் விளம்பரம் செய்ததே குற்றம். இவ்விரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டையும் ஒருங்கே வாக்களித்தவர்கள் பொய் சொன்னார்கள்.

அப்பொய்யின் விலையை முதல் உரிமையாளர் செலுத்துவதில்லை. புதுக் காரை வாங்கியவர் உத்தரவாதக் காலம் முடியுமுன் விற்றுவிட்டுப் போகிறார். ஜப்பானியர் முதலாவது கட்டாயப் பரிசோதனை வரும் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கொரு தடவையும் காரை மாற்ற நினைக்கிறார். துன்பம் இரண்டாம், மூன்றாம் கைகளுக்கு வந்து சேர்கிறது. இலங்கையர்களாகிய நாம் பெரும்பாலும் அந்த இரண்டாம் கை. பாரிஸிலும் இலண்டனிலும் இரவு பகலாக உழைத்து, பழைய பேஜோவோ போர்டோ வாங்கி ஓட்டும் எமது உறவுகளும் அந்த இரண்டாம், மூன்றாம் கைதான். அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒயில் பெல்ட் உள்ள காரை வாங்குமுன் பற்றுச்சீட்டுகளோடு கூடிய பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். பியூர்டெக் ஆயின், ஒயில் ஊற்றும் வாய் வழியாகவே பெல்டின் அகலத்தை அளக்கும் கருவி உண்டு. அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி நடவுங்கள்.

அரசுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொள்ளளவைக் கொண்டு வரி அறவிடும் முறையை மாற்றி, காரின் பெறுமதியையும் அது உண்மையில் கக்கும் புகையையும் அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் இறக்குமதி வாகனத்துக்கும் ஒயில் தரம், ஒயில் மாற்றும் காலம், பெல்ட் மாற்றும் காலம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, விற்பவர் கையொப்பமிட்டுக் கொடுப்பதைச் சட்டமாக்குங்கள். ஒரு மருந்துக் குப்பியில் எத்தனை வேளை அருந்துவது என்று எழுதாமல் விற்க முடியாது. வாழ்நாள் சேமிப்பை விழுங்கும் ஒரு பொருளை மட்டும் தவறான அறிவுறுத்தலோடு விற்கலாமா?

என் நண்பர் இப்போது பேருந்தில் போய் வருகிறார். கார் வீட்டு முற்றத்தில் துணி போர்த்தி நிற்கிறது. மாற்று இயந்திரத்துக்குக் கேட்கப்படும் தொகை அவரது ஓய்வூதியத்தில் அடங்குவதல்ல. "நான் அட்டையில் எழுதியிருந்தபடிதானே செய்தேன்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லர்.