உடைஞ்ச கோப்பையைப் பொறுக்கினது யார்?

"கழிவிலிருந்து கலை" என்று யாராவது ஆரம்பித்தால் இனி நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போறோம்: அந்தக் கழிவைப் பொறுக்கித் தந்தது யார்?

முட்டை ஓட்டில் புத்தர், பழைய சீடியில் மயில், போத்தல் மூடியில் யானை. மொசைக் இப்ப எங்கெங்கேயோ போய்விட்டது, எங்களுக்கும் சந்தோசம்தான். (கண்டி மழைக்கு வெளிச்சுவரில் முட்டை ஓட்டை மட்டும் ஒட்டாதீங்க. பீங்கான் தண்ணி குடிக்காது, அது நிற்கும்.) ஆனால் பேச்சு முழுக்கக் கலைஞரின் கற்பனையைப் பற்றித்தான். பொருள் என்னவோ வானத்திலிருந்து விழுந்த மாதிரி.

சண்டிகரில் நெக் சந்த் கட்டிய பாறைத் தோட்டத்தை எல்லாரும் புகழ்கிறாங்க, நாங்களும்தான். வீதிப் பரிசோதகராக வேலை செய்த மனிதர் 1957 அளவில் காட்டுக்குள் இரகசியமாகத் தொடங்கி, உடைந்த வளையலாலும் பீங்கானாலும் ஒரு உலகத்தையே செய்தார். 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் அந்தச் சாமான்களில் பல, புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களிலிருந்து வந்தவை. யார் வீட்டு வளையல் அது? இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?

வேறு மாதிரியும் செய்யலாம். 2010இல் வந்த 'வேஸ்ட் லேண்ட்' ஆவணப்படம் பாருங்க. ரியோவின் ஜார்டிம் கிராமாச்சோ குப்பைமேட்டில் விக் முனிஸ், குப்பை பொறுக்குகிறவர்களையே படம் பிடித்தார். அந்த உருவங்களைப் பெரிய தரையில் விரித்து, அவர்கள் கையாலேயே குப்பையை அடுக்கி நிரப்பி, மேலே இருந்து மறுபடி படம் பிடித்தார். அவர்களுடைய சங்கத்தின் தலைவர் தியாவோ சாந்தோஸ் தொட்டியில் சாய்ந்திருக்கும் படம் லண்டனில் ஏலம் போனது. பணம் சங்கத்துக்குப் போனது. கையெழுத்து முனிஸுடையதுதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனாலும் முகமும் பேரும் அவர்களுடையது.

அப்ப கண்டிக்கு வருவோம். எங்கள் குப்பை கொஹாகொடையில், மகாவலிக் கரையோரம் குவிகிறது. அதைத் தெருத்தெருவாக அள்ளுகிறவர்களில் பலர் மஹியாவையில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த வேலைக்கென்றே கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். பெரஹெர முடிந்த விடியலில் தெருவைக் கூட்டுகிறவர்களும் அவங்கதான்.

ஆகவே, உடைந்த பீங்கானில் சுவர் செய்ய வருகிற இளைஞர்களே, பொருளை அவர்களிடம் வாங்குங்க, காயலான் கடை விலையை விடக் கூட்டிக் கொடுங்க. சுவரின் மூலையில் உங்கள் பேருக்கு முன்னால் அவர்கள் பேரை வைங்க. "கலைக்குள் அரசியலைக் கொண்டு வராதீங்க" என்பாங்க. கூலி கொடுப்பது அரசியல் என்றால் கொண்டு வருவோம்.

இன்னொன்று. அந்தச் சுவரை மஹியாவையில் கட்டி, "பகுதியை அழகாக்கினோம்" என்று படம் போடாதீங்க. ஒழுகும் கூரைக்குக் கீழே யாருக்கு மொசைக் வேணும்? வாவியோரமாக, சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கும் இடத்தில் செய்யுங்க. அதில் அந்த முகங்கள் இருக்கட்டும்.

சுவர் வரும்வரைக்கும், வீட்டில் கோப்பை உடைந்தால் தடித்த காகிதத்தில் சுற்றித் தனியாக வைங்க. பையைத் தூக்கும் கையில் பெரும்பாலும் கையுறை இருப்பதில்லை.