வாங்கிக்கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும்

டிசம்பர் பிறந்ததும் நகரத்துக் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் கணவனும் மனைவியும் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள்: "இந்த முறை நமக்குள் எதுவும் வேண்டாம், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வாங்கினால் போதும்." சிக்கனமும் பக்குவமும் நெருக்கமும் அந்த ஒரு வாக்கியத்தில் சேர்ந்து ஒலிப்பதாகத் தோன்றும். ஆயினும் கிறிஸ்துமஸ் காலையில் இருவருள் ஒருவர் மட்டும் சிறு பொட்டலம் ஒன்றை நீட்டிவிட்டால், மற்றவர் முகத்தில் முதலில் தோன்றுவது கடன்பட்டவரின் கூச்சம். இருவருமே சொல் தவறாமல் வெறுங்கையுடன் நின்றால், அங்கும் மெல்லிய ஏமாற்றம் ஒன்று எஞ்சுகிறது. இவ்வளவு சிறிய செயல் இத்தனை சங்கடத்தைத் தருவது ஏன் என்னும் கேள்வியைப் பண்டிகைக் காலத்து வேடிக்கைப் பேச்சாக ஒதுக்கிவிட முடியாது. குடும்பத்தின் பணம் யாருடையது என்னும் பழைய கேள்வியே இங்கு வண்ணத்தாள் சுற்றிக்கொண்டு வருகிறது.

இந்தியக் கிறிஸ்துமஸின் கொடைமுறை பெரும்பாலும் வெளிநோக்கியது. கோவாவிலும் மங்களூரிலும் நெவ்ரி, குல்குல், தொதோல் முதலிய பண்டங்கள் தட்டுகளில் அடுக்கப்பட்டு அண்டை வீடுகளுக்குச் செல்கின்றன. வீட்டுக்குள் முதன்மை பெறுவது புத்தாடை. அது குடும்பத்தார் அனைவருக்கும் ஒன்றாக எடுக்கப்படுவதால் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்னும் வேறுபாடு மங்கிவிடுகிறது. பெயர் எழுதிய பொட்டலம், விலை வரம்பு, கடைசிவரை மறைத்துவைத்தல் ஆகியவற்றை இளம் இணையர் பலரும் பழகியது கல்லூரி விடுதிகளின் 'கிறிஸ்துமஸ் ஃபிரண்ட்' விளையாட்டிலும் அலுவலகங்களின் 'சீக்ரெட் சாண்டா'விலும்தான். அண்டை வீட்டாருக்கு என்ன அனுப்புவது என்பதை மரபு சொல்லிவைத்திருக்கிறது. துணைக்கு என்ன தருவது என்பதை அது சொல்லவில்லை. ஆகவே ஒவ்வோர் இணையும் தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொள்கிறது.

அவ்விதிகளுள் மூன்று பரவலானவை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என வரம்பு கட்டிக்கொள்வது முதலாவது. அவரவருக்கு வேண்டியதை அவரவரே வாங்கிக்கொண்டு, மற்றவர் தந்ததாகச் சொல்லிக்கொள்வது இரண்டாவது. இருவருக்கும் பொதுவாகக் குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்கி அதையே "நமக்கு நாமே தரும் பரிசு" என்று அழைப்பது மூன்றாவது.

பொருளியல் இவற்றுள் இரண்டாவதையே மெச்சும். ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, பெற்ற பரிசுகளுக்குத் தாங்களே எவ்வளவு விலை கொடுத்திருப்பார்கள் என்று மாணவர்களைக் கேட்டு, பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று மதிப்பிட்டது. பிறர் தெரிவைவிடத் தன் தெரிவே தனக்குப் பொருந்தும் என்பது அதன் அடிப்படை. ஆனால் அதே கட்டுரை வேறு இரண்டையும் சொல்கிறது: தொலைவான உறவினர் தரும் பரிசுகளில் இழப்பு மிகுதி, நண்பரும் காதல் துணையும் தருவனவற்றில் மிகக் குறைவு. மேலும், பொருளோடு ஒட்டிய உணர்வு மதிப்பை நீக்கிவிட்டே விலை சொல்லுமாறு மாணவர்கள் கேட்கப்பட்டனர். இணையர் பரிசில் அதை நீக்கிவிட்டால் அளப்பதற்கு எஞ்சுவது கடைச்சீட்டு மட்டுமே.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் கூர்மையான கருவி ஒன்றைத் தருகிறது. 'வாங்கு' என்னும் வினையோடு 'கொடு' சேர்ந்தால் பயன் பிறருக்குச் செல்கிறது. 'கொள்' சேர்ந்தால் செய்தவருக்கே திரும்புகிறது. "உனக்கு வாங்கிக்கொடுத்தேன்" என்பதில் தருபவர், பெறுபவர் என இருவர் இருக்கின்றனர். "உனக்கு வேண்டியதை நீயே வாங்கிக்கொள்" என்று பண அட்டையை நீட்டும்போது தருபவர் வினையிலிருந்து மறைந்துவிடுகிறார். அவருடைய அனுமதி மட்டும் ஏவல் வடிவில் நிற்கிறது. பெருந்தன்மையாகச் சொல்லப்படும் அவ்வாக்கியம், அனுமதி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அட்டை யாருடையது என்னும் வினாவுக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது.

1905இல் வெளியான ஓ. ஹென்றியின் 'ஞானிகளின் பரிசு' என்னும் கதையை இந்த நோக்கில் மீண்டும் படிக்க வேண்டும். கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்கும் டெல்லாவும், கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கும் ஜிம்மும் தியாகத்தின் இலக்கணமாகவே கற்பிக்கப்படுகின்றனர். ஆனால் கதை தொடங்குவது 1 டாலர் 87 சென்ட் என்னும் கணக்கில். மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் பேரம் பேசி, காசு காசாகப் பல மாதம் மிச்சம் பிடித்த தொகை அது. வாரத்துக்கு 20 டாலராகச் சுருங்கிவிட்ட ஜிம்மின் ஊதியத்திலிருந்தே அதுவும் வந்தது. ஜிம்மின் பணத்தில் ஜிம்முக்குப் பரிசு வாங்குவதில் உள்ள முரணை டெல்லாவின் கைகள் அறிந்திருக்கின்றன என்றே சொல்ல வேண்டும். முழுமையாகத் தனக்கே உரியது எது என்று தேடினால் அவளுக்குக் கிடைப்பது தன் தலைமுடி. ஜிம்முக்கோ தந்தை வழியில் வந்த கடிகாரம் இருந்தது. ஒருவருக்குப் பரம்பரைச் சொத்து, மற்றவருக்கு உடலின் ஒரு பகுதி: தியாகம் சமமாக இருந்தது, உடைமை சமமாக இருக்கவில்லை.

விவியானா செலிசர் 1994இல் எழுதிய 'பணத்தின் சமூகப் பொருள்' என்னும் நூல் அக்காலத்து அமெரிக்கக் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்கிறது. வீட்டுச் செலவுக்குத் தந்த பணத்தில் மனைவி சேமித்தது கணவனுக்கே உரியது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததையும் அது பதிவுசெய்கிறது. டெல்லாவின் 1 டாலர் 87 சென்ட், சட்டத்தின் கண்ணில் டெல்லாவுடையதாக இருந்திராது.

இந்தியச் சட்டம் இவ்வகையில் முன்னேறியே நிற்கிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கிறிஸ்தவப் பெண்களின் உழைப்பூதியத்தை அவர்களுடைய தனிச்சொத்தாக்கியது. திருமணத்தால் மட்டும் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை பிறப்பதில்லை என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. கோவாவின் நிலை இதற்கு நேர்மாறு. 1867ஆம் ஆண்டின் போர்ச்சுகீசியக் குடிமைச் சட்டத்தின் வழிவந்த முறையில், திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத இணையரின் உடைமை இருவருக்கும் பொதுவாகிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் அதை ஏற்று, அத்தகைய இணையரின் ஊதியம் நீங்கலான வருமானத்தை 5ஏ பிரிவின்கீழ் இருவருக்கும் பாதியாகப் பகுத்தது. கொடை என்பது உடையவர் ஒருவர் தன் விருப்பத்தால், கைம்மாறின்றி, மற்றொருவருக்கு உரிமை மாற்றித் தருவது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் வரையறுக்கிறது. அவ்வரையறையின்படி பார்த்தால், பொதுப் பணத்தில் வாங்கி நீட்டப்படும் பொட்டலத்தில் பாதி ஏற்கெனவே பெறுபவருடையது.

தனியுடைமையாயினும் பொதுவுடைமையாயினும் சட்டம் சொல்வது உரிமையை மட்டுமே. கணக்குச் சொல்லாமல் செலவிடும் உரிமை வீட்டில்தான் முடிவாகிறது. கூட்டுக் கணக்கிலிருந்து கடையில் பணம் செலுத்திய மறுநொடியே, கடையின் பெயருடனும் தொகையுடனும் மற்றவர் கைப்பேசிக்குச் செய்தி போய்விடுகிறது. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே விலை தெரிந்துவிடுகிறது, சில வீடுகளில் "இவ்வளவா?" என்னும் கேள்வியும் வந்துவிடுகிறது. அக்கேள்வி எப்போதும் ஒரே திசையிலிருந்து வருமாயின், அந்த வீட்டில் பரிசு தரக்கூடியவர் ஒருவரே.

உழைப்பின் கணக்கும் இத்துடன் சேர்கிறது. மிக்கேலா டி லியோனார்டோ 1987இல் எழுதிய கட்டுரை, வாழ்த்து மடல் எழுதுவதும் பரிசு தேடுவதும் விருந்து ஏற்பாடு செய்வதும் 'உறவைப் பேணும் உழைப்பு' என்றும், அது பெண்கள்மீதே சுமத்தப்படுகிறது என்றும் காட்டியது. கலிபோர்னியாவின் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய அக்கட்டுரை டிசம்பர் மாதத்து இந்திய வீடுகளுக்கும் பொருந்தும். மாமியாருக்குச் சேலை, நாத்தனார் பிள்ளைக்குப் பொம்மை, போதகருக்குக் கேக் என்று பட்டியலிட்டு அலைபவர் பெரும்பாலும் மனைவியே. "நமக்குள் எதுவும் வேண்டாம்" என்னும் உடன்பாடு அவருடைய அலைச்சலில் ஒன்றையும் குறைப்பதில்லை. அவரைத் தேடி வந்திருக்கக்கூடிய ஒரே பொட்டலத்தை மட்டும் நீக்கிவிடுகிறது.

ஆகவே, பரிசு வேண்டுமா வேண்டாமா என்று பேசுவதற்கு முன் இணையர் பேசித் தீர்க்க வேண்டியது வேறொன்று. வருமானம் ஒருவருடையதாயினும் இருவருடையதாயினும், மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஆளுக்குச் சமமாக ஒதுக்கப்பட வேண்டும். அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கலாகாது. பரிசு அதிலிருந்தே வர வேண்டும். தனக்கென வாங்கிக்கொள்வதும் அதிலிருந்தே, குற்றவுணர்வின்றி நிகழ வேண்டும். சலவை இயந்திரத்தைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் அதை வீட்டுச் செலவு என்றே எழுத வேண்டும்.

தனிப்பணம் நம்பிக்கையைக் குலைக்கும் என்பார் உண்டு. ஒவ்வொரு ரூபாய்க்கும் விளக்கம் தேவைப்படும் இடத்தில் நடப்பது தணிக்கை. நம்பிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. வறுமையில் இதற்கு இடமேது என்பது வலுவான மறுப்பு. எனினும் தொகை சிறுத்தாலும் கொள்கை சிறுக்க வேண்டியதில்லை. ஐம்பது ரூபாய் வளையலாயினும், அது தருபவரின் சொந்தப் பணத்தில் வந்ததென்றால் பரிசே.

ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைத் தொல்காப்பியம் வேறுபடுத்துகிறது: தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்பது 'ஈ', ஒத்தவரிடம் கேட்பது 'தா', உயர்ந்தவர் தம்மினும் தாழ்ந்தவரிடம் கேட்பது 'கொடு'. இன்றைய வழக்கில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. வீடுகளில் அது மறையவில்லை. டிசம்பர் 25 காலையில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கிக் கூச்சமின்றித் 'தா' என்று கேட்கக்கூடுமாயின், அந்த ஆண்டு அவர்கள் எதுவும் வாங்காமல் விட்டாலும் குறையில்லை.