ஊரார் திருத்தட்டும்

மக்களோடு கலந்து பயில்வதும் கல்லூரிக் கல்வியின் ஒரு கூறாக வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு ஒரு பாடத்திட்டத்தை வகுத்தளித்தது. இரண்டு கிரெடிட், 30 மணி நேரம், அதிற் பாதியேனும் களத்தில் கழிதல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டமோ 1969 முதலே நடைமுறையில் உள்ளது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் களப்பணி முடிந்தபின் மாணவர் கையில் எஞ்சுவது ஓர் அறிக்கை. அதை மதிப்பெண் இடுபவரைத் தவிர வேறெவரும் படிப்பதில்லை. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர் கண்ணிற் படுவதே இல்லை.

சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். தறியோசையும் பூச்சந்தையும் ஆடித்தபசும் இவ்வூரின் அடையாளங்கள். கூலி உயர்வு கேட்டு விசைத்தறித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்குவது இங்கே புதிதன்று. இத்தகைய தொழிலைப் பற்றிய மாணவர் ஆய்வேடு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. ஒரு கட்டு வினாத்தாள், ‘ஆம்’ ‘இல்லை’ எனக் கட்டங்கள், விழுக்காட்டு அட்டவணை, முடிவில் அரசு ஆவன செய்ய வேண்டும் என்னும் பரிந்துரை. ஒரு பாவு தீர்ந்து மறு பாவு ஏறும்வரை தறி நின்றால் அந்நாளுக்குக் கூலி உண்டா, தார் சுற்றும் பெண்ணுக்குக் கணக்கு எவ்வாறு, முன்பணம் வாங்கியவர் வேறு கூடத்துக்கு மாற இயலுமா என்பவற்றுக்கு அக்கட்டங்களில் இடமில்லை. அவற்றை நிரப்பும் மாணவியின் தாயே தார் சுற்றுபவராக இருத்தலும் கூடும். அவர் வீட்டில் அறிந்ததை ஆய்வேடு கேட்பதில்லை.

மக்களுக்காக எழுதுதல், மக்களைப் பற்றி எழுதுதல், மக்களோடு எழுதுதல் எனக் களப்பணி சார்ந்த எழுத்துப் பயிற்சியை மூவகைப்படுத்தினார் அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் டீன்ஸ், 2000ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில். பயனுள்ள பகுப்பே. எனினும் கல்லூரி ஊரைத் தேடிச் செல்லும் நாட்டுக்கு வகுத்தது அது. நம் ஊர்களில் ஊரே காலைப் பேருந்தேறிக் கல்லூரிக்கு வருகிறது, முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கையிற் பிடித்துக்கொண்டு.

மக்களோடு எழுதுவதற்கு முன்மாதிரியைக் கடல் கடந்து தேட வேண்டியதுமில்லை. பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைக் கண்டார். இரண்டாண்டில் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். ஆசிரியரும் இளைஞரும் கட்டுரை படித்து, கேட்டோரின் மறுப்பை நேரில் எதிர்கொண்ட அவை அது. அவர் தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளைப் புரட்டினால், பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் ஊரும் அச்சாகியிருப்பதைக் காணலாம். பாட்டை ஏட்டிலேற்றிப் பாட்டுக்குரியவரை மறந்துவிடும் இன்றைய ஆய்வாளர் அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்க்கட்டும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலின் எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் பட்டம் கேளாமல் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியதும் இம்மரபின் பாற்பட்டதே.

ஊருக்கு உடனே வேண்டிய எழுத்து ஒன்றுண்டு: மனு. காப்பியங்களைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதவல்ல தமிழிலக்கிய மாணவர், பட்டா மாறுதலுக்கு ஒரு பக்கம் எழுதத் தடுமாறுகிறார். சர்வே எண், முன்னர் அளித்த மனுவின் நாள், அதற்குப் பெற்ற ஒப்புகை, வேண்டுவது யாது என்பவை ஒழுங்குற அமைந்தாலே மனு நகரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 30 நாளில் விடை பெறும் விண்ணப்பத்துக்கும் கேள்வியைக் கூர்மையாகத் தொடுக்கும் திறன் வேண்டும். உரைநடைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல களம் ஏது? (தாலுகா அலுவலக வாயிலில் மனு எழுதிப் பிழைப்போரின் வருவாயைப் பறிக்கச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா, அவர்களே முதல் வகுப்பை எடுக்கத் தக்கவர்கள்.)

களஆய்வேட்டுக்கு மதிப்பெண் இடுமுன், தகவல் தந்தோர்முன் அதைத் தமிழில் படித்துக் காட்டல் வேண்டும். அவர்கள் மறுத்தது எது, மாணவர் திருத்தியது எது என்னும் குறிப்பும் ஏட்டில் இடம்பெறுதல் வேண்டும். பெயர் வெளியிட இசைந்தவர் பெயர் அச்சேறட்டும். கூலியைப் பற்றி வாய்திறந்தமைக்காக மறுநாள் தறி இழக்க நேரிடும் ஒருவரின் பெயரை மறைத்தலும் ஆய்வாளரின் கடனே. ஒரு படி ஊர்க் கிளை நூலகத்துக்குச் சேரட்டும்.

தடை எங்குள்ளதென்பதையும் மறைப்பதற்கில்லை. அரசுக் கல்லூரிகளில் களப்பணியை நடத்தும் சுமை பெரிதும் கௌரவ விரிவுரையாளர் தலையில் விழுகிறது. தறிக்கூடத்தில் மாணவரோடு கழிக்கும் மாலைப் பொழுது அவர்களின் பணிக்கணக்கில் ஏறாதவரை, வினாத்தாள் கட்டையே எவரும் நாடுவர். களத்தில் செலவிடும் நேரமும் ஊரார்முன் படித்துக் காட்டும் நேரமும் கற்பித்தல் நேரமே என அரசும் இவ்வட்டாரத்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஆணையிடல் வேண்டும்.