‘படம் பழுதில்லை’

திங்கட்கிழமை காலையில் எமது பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையிலே முதலாவதாக நடைபெறும் விசாரணை, வார விடுமுறையிற் பார்த்த படத்தைப் பற்றியதாகும். “படம் எப்படி?” என்பார் ஒருவர். “பழுதில்லை. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. எண்டாலும் குடுத்த காசுக்குப் பாக்கலாம்” என்பார் மற்றவர். வழக்கு முடிந்தது, தீர்ப்பும் கிடைத்தது, மணியும் அடித்துவிடும். வகுப்புக்குச் சென்றால், உயர்தர மாணாக்கர் அதே வழக்கை வேறு சொற்களில் விசாரித்துக்கொண்டிருப்பர். ஒருவனுக்குப் படம் ‘மாஸ்’, இன்னொருவனுக்கு ‘அறுவை’. அதற்குமேல் இருவரும் பேசுவதில்லை. பேசுவதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கிறது என்ற எண்ணமே அவர்களுக்கு எழுவதில்லை.

இவ்வழக்கத்தைக் குறைகூற எனக்கு முழு உரிமை இல்லை. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன் நான். சங்கப் பாடல் ஒன்றுக்கு நயம் எழுதச் சொன்னால் நான்கு பக்கம் எழுதுவேன். ஒரு படத்தைப் பற்றிக் கேட்டால் நான்கு சொல்லோடு நின்றுவிடுவேன். அது தவறென்று எனக்கு உணர்த்தியவன் ஒரு மாணவன்.

மாரி செல்வராஜ் இயக்கிய ‘வாழை’ 2024ஆம் ஆண்டு வெளிவந்தது. அதை நான் பார்த்த மறுவாரம், நீர்வேலிப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், “படம் எப்படி சேர்?” என்று கேட்டான். “கடைசி அரைமணித்தியாலம் அழவைச்சுப்போட்டுது” என்றேன். எல்லோரும் அதையே சொன்னார்கள், நானும் சொன்னேன். அவன் சற்றுநேரம் பேசாது நின்றான். பின்னர், “நானும் சனி ஞாயிறிலை வாழைக்குலை காவப் போறனான் சேர். அந்தப் படத்திலை குலைக்கு எவ்வளவு குடுக்கினம்?” என்று கேட்டான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. படத்தின் உயிர்நிலையோ அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது. குலை சுமக்கும் தொழிலாளர் குலையொன்றுக்கு ஒரு ரூபா கூட்டித் தரவேண்டும் என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுவர் விடுமுறை நாளிலே வயலிற் சுமை தூக்குகிறார்கள். காய் ஏற்றிய லொறியின் மேலேயே மனிதரும் ஏறிவர நேர்கிறது, லொறி கவிழ்கிறது. நான் அழுதது அந்த விபத்துக்கு. விபத்துக்கு முன்னதாகவே நடந்துகொண்டிருந்த கூலிக் கணக்கு என் கண்ணிற் படவில்லை. சுமந்து பழகியவன் படத்தைப் பாராமலே அதைக் கேட்டான். பார்த்த நான் கண்ணீரின் அளவை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன்.

அன்றுமுதல், படங்களைப் பற்றி நாம் பரிமாறிக்கொள்ளும் சிறுசிறு அபிப்பிராயங்களைக் கூர்ந்து கவனித்து வருகிறேன். அவற்றிற் பெரும்பாலானவை, ஒரு பொருளை வாங்கியவன் கடைவாசலில் நின்று சொல்லும் சொற்கள். ‘காசுக்குப் பழுதில்லை’ என்பது கத்தரிக்காய்க்கும் பொருந்தும். ‘இழுவை’ என்பது நேரம் வீணாயிற்று என்னும் முறைப்பாடு. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பதோ தர முத்திரை. இவை யாவும் ஒரேயொரு கேள்விக்கே விடை கூறுகின்றன: நுழைவுச்சீட்டு வாங்கலாமா, வேண்டாமா? அக்கேள்வி படத்தை விற்பவனுக்கு முக்கியமானது. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கும் அது ஒன்றே கேள்வியாக இருக்கவேண்டுமா?

அபிப்பிராயம் சிறிதாக இருப்பது குற்றமன்று. ஏழு சீரிலே ஒரு வாழ்க்கை நெறியைச் சொல்லிவிடும் நூலைப் பாடசாலையிற் படிப்பிக்கும் நாம் சுருக்கத்தைப் பழிக்க முடியாது. ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியும் ஒன்றும் சொல்லாது விடுவோர் நம்மிடையே உண்டு. சுருங்கச் சொல்வது வேறு, சொல்லாமல் விடுவது வேறு. ‘பழுதில்லை’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நம்மிடம் இதனினும் சுருங்கிய தீர்ப்பு ஒன்றுண்டு: ‘ஓடிற்று’, ‘ஓடவில்லை’. 1977ஆம் ஆண்டில் தர்மசேன பத்திராஜ ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப்படத்தை எடுத்தார். சிங்களக் கலைஞரான அவர் அக்காலத்தில் யாழ்ப்பாண வளாகத்திலே ஆசிரியராகவும் இருந்தவர். சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை எவ்வாறு நெருக்குகின்றன என்பதை அவர் நம் வீட்டு முற்றத்தில் வைத்தே காட்டினார். தென்னிந்தியப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகிய கண்களுக்கு அது ருசிக்கவில்லை. ‘ஓடவில்லை’ என்றோம், அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தப் படம் சீதனத்தைப் பற்றிச் சொன்னது உண்மையா பொய்யா என்னும் விவாதம் நம் வீடுகளில் நடந்திருக்க வேண்டும். நடைபெறவில்லை. படம் தோற்றது, சீதனம் தோற்கவில்லை. ஒற்றைச்சொல் தீர்ப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதை வாசகர்களே சிந்திக்கட்டும்.

இன்று இந்நோய் இன்னொரு படி முற்றியுள்ளது. படம் வெளிவந்து மூன்று நாள் ஆகுமுன்னரே அது எத்தனை கோடி ஈட்டிற்று என்று நம் பிள்ளைகள் ஒப்புவிக்கிறார்கள். பஸ் கட்டணத்துக்குத் தாயிடம் கை நீட்டும் பிள்ளை, கடலுக்கு அப்பாலிருக்கும் ஒரு முதலாளியின் இலாபத்தைத் தன் வெற்றியாகக் கொண்டாடுகிறான். நாயகனின் உருவப்படத்துக்குப் பாலூற்றும் வழக்கமும் இங்கே வந்து நெடுநாளாயிற்று. அந்தப் பாலின் விலையை அவன் அறிவான். ஆனால் அந்தக் கோடிகளிலே படப்பிடிப்புத் தளத்தில் விளக்குத் தூக்கியவனுக்கு எவ்வளவு போயிற்று என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

இவ்விடத்தில் இரு தரப்பினர் குறுக்கிடுவர். “நாள் முழுதும் உழைத்துக் களைத்த மனிதன் மூன்று மணிநேரம் சிரிக்க வருகிறான். அவனையும் பரீட்சை எழுதச் சொல்லுகிறீரா?” என்பது முதலாம் தரப்பு. களைத்தவன் சிரிக்கட்டும், அதனை மறுப்பவன் மனிதனல்லன். எனினும் அவன் எதற்குச் சிரிக்கவைக்கப்படுகிறான் என்று கேட்பது அவனை அவமதிப்பதாகாது. கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் ஏழையின் பேச்சையும் காட்டிச் சிரிப்பு விற்கும் படத்திலே, பல வேளைகளில் அவன் தன்னைப் பார்த்தே சிரிக்கிறான். அதை அறியாதவனாக அவனை வைத்திருப்பதே அவமதிப்பு.

“ஒற்றைச்சொல் அபிப்பிராயம் மக்களின் குரல், அதைக் குறைசொல்வது படித்தவனின் திமிர்” என்பது இரண்டாம் தரப்பு. மக்களின் குரல் என்றால் தலைவணங்குவேன். ஆனால் ‘மாஸ்’, ‘பிளொக்பஸ்ரர்’, ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்பன மக்கள் ஆக்கிய சொற்களா? விளம்பரத்தாளில் அச்சாகி மக்களின் வாய்க்கு வந்த சொற்கள் அவை. “குலைக்கு எவ்வளவு?” என்று கேட்டானே, அதுவே மக்களின் குரல். அக்குரலைக் கேட்க விடாதபடி இரைச்சல் போடுவது விளம்பரத்தின் வேலை.

திரையரங்கை முழுவதும் ஒதுக்கிவிட்ட பண்டிதருக்கும் ஒரு வார்த்தை. தமிழர் சாதிபேதமின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரையரங்கே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். அங்கே இருக்கையை நிருணயித்தது பணம்; பிறப்பன்று. தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கே 1960களில் யாழ்ப்பாணத்திலே மனிதர் போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இதன் பெருமை விளங்கும். அத்தகைய அரங்கைவிட்டு வெளியே வரும் கூட்டத்தின் பேச்சை அற்பமென்று தள்ளுபவர், மக்கள் கூடிப் பேசக் கிடைத்த ஓர் இடத்தை வியாபாரியிடம் விட்டுக்கொடுக்கிறார்.

அப்படியாயின் எவ்வாறு பேசுவது? ஒவ்வொரு படத்துக்கும் நான் இப்பொழுது மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்கிறேன். இது யாருடைய கதை? இதிலே வாய் திறவாதிருப்பவர் யார்? எதனை இயல்பென்று இது என்னை நம்பச் செய்கிறது? விடை மூன்று வசனத்துக்குள் அடங்கலாம், அடங்கட்டும். பிறரைக் குறைகூறிவிட்டு நான் ஒதுங்கிவிடாதபடி, அண்மையிற் பார்த்த மூன்று படங்களைப் பற்றிய என் சிறிய அபிப்பிராயங்களையும் இங்கே வைக்கிறேன்.

முதலாவது, பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. ‘வாழை’ வெளியான அதே நாளில், 2024 ஆகஸ்ட் 23இல், இதுவும் வெளியாயிற்று. பேர்லின் திரைப்பட விழாவிற் காட்டப்பட்ட இப்படத்துக்கு நமது தீர்ப்பு ‘மெதுவாகப் போகிறது, முடிவு விளங்கவில்லை’ என்பதாகும். இதனைத் திரையரங்குக்கே கொண்டுவந்திருக்கக்கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தும் குரல் எழுந்தது. வேறு சாதி இளைஞனை விரும்பிய ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகக் கருதி, அவளைச் சாமியாரிடம் கொண்டுபோகும் ஒரு குடும்பத்தின் பயணம் இது. பலியிடக் கொண்டுபோகும் சேவலும் உடன் வருகிறது. பின்னணி இசை கிடையாது. அப்பெண் ஏறத்தாழப் பேசுவதேயில்லை; வழியிற் கேட்ட பாட்டொன்றை வாய்க்குள் முணுமுணுத்ததற்கே அடி வாங்குகிறாள். அவளுடைய மௌனந்தான் படத்தின் கதை. முடிவு சொல்லப்படாததற்குக் காரணம், அந்த முடிவு பார்ப்பவனின் வீட்டில் இன்னும் தீராதிருப்பதே.

இரண்டாவது, 2025 மே மாதம் வெளிவந்த ‘டூரிஸ்ட் பேமிலி’. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுக் கடல் கடந்து சென்னையில் ஒளிந்து வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. நம்மவர் இதைப் பற்றிப் பேசியதெல்லாம் நடிகர்களின் வாயில் நமது பேச்சு சரியாக வந்ததா இல்லையா என்பதே. பேச்சுப் பிழைகளைப் பொறுக்கலாம். நானும் மனம் நெகிழ்ந்தே பார்த்தேன். ஆனால் அயலாரின் அன்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று படம் நம்பச் செய்கிறது. 1983இன் பின்னர் போனவர்களும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அவற்றின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து சென்றோரைக் கருதிற்று, நம்மவரைக் கருதவில்லை. இவர்களுக்கு அயலாரின் அன்பு கிடைக்காமலில்லை. கிடைக்காதது உரிமை. படத்தில் வாய் திறவாதவர்கள் இவர்களே.

மூன்றாவது, 2025 ஆகஸ்ட் மாதம் பெரும் ஆரவாரத்தோடு வந்த ரஜினிகாந்தின் ‘கூலி’. வகுப்பிலே இதற்கு ‘மாஸ்’ என்றும் ‘ஏமாற்றம்’ என்றும் இரு கட்சிகள். படத்தின் பெயரைப் பற்றி இரு கட்சியும் ஒன்றும் சொல்லவில்லை. அச்சொல் இந்நாட்டிலே ஒரு சமூகத்தின் முதுகிற் குத்தப்பட்ட முத்திரை. கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட நாள்முதல் மலையகத்தவர் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கிற் குரல் கொடுத்து, 2021இலேயே அது வர்த்தமானியில் ஏறிற்று. அப்பெயரைத் தாங்கிய படத்தில் தொழிலாளர் உண்டு; அவர்களை மீட்கும் வேலை மட்டும் ஒரேயொரு மனிதனின் கைப்பலத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஒருவன் வந்து காப்பான் என்று காத்திருப்பதை இயல்பென்று நம்பச் செய்வதே இத்தகைய படங்களின் பெரிய கேடு. மலையகத்திற் கிடைத்த கொஞ்சமும் அப்படிக் காத்திருந்து கிடைத்ததன்று.

என் அபிப்பிராயங்கள் பிழையாக இருக்கலாம். பிழையென்றால் மறுக்கலாம், மறுப்பதற்கு இதிலே ஏதோ இருக்கிறது. ‘பழுதில்லை’ என்பதை எவரும் மறுக்க முடியாது. அதனாலேயே அது உதவாது.

ஆசிரியராகிய நமக்கு இதிலே தனிக் கடமையுண்டு. நமது மாணாக்கர் பாடநூலைப் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். படத்தை விரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுடைய உள்ளம் எங்கே உருவாகிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்ப்பாட வேளையில் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, பார்த்த படத்தைப் பற்றி மூன்று வசனம் பேசச் சொல்லலாம். ‘மாஸ்’, ‘அறுவை’, ‘பழுதில்லை’ என்னும் மூன்று சொற்களுக்கும் அந்தப் பத்து நிமிடம் தடை விதிக்கலாம். சென்ற தவணை இதைத் தொடங்கினேன். முதல் வாரம் வகுப்பு வாயடைத்து இருந்தது. மூன்றாம் வாரம் மணி அடித்த பின்னரும் இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

நீர்வேலி மாணவனுக்கு நான் இன்னும் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். படத்திலே குலைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைப் பின்னர் அவனுக்குச் சொன்னேன். “உனக்கு எவ்வளவு தருகிறார்கள்?” என்று நான் திருப்பிக் கேட்டபோது அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் கேள்வியை அவனோடு மட்டும் முடித்துவிட எனக்கு மனமில்லை.