சவ்வும் அதன் கரைப்பானும்

வாயுக்களைப் பிரிக்கும் சவ்வுத் தொழில் தன்னைச் சுற்றுச்சூழலின் நண்பன் என்று சொல்லிக்கொள்வதில் நியாயம் இல்லாமலில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவையோ, ஆலை வாயுக்களிலிருந்து ஹைட்ரஜனையோ பிரித்தெடுக்க, காய்ச்சுவதும் குளிர்விப்பதுமாகிய பெருஞ்செலவை விட்டு, அழுத்த வித்தியாசம் ஒன்றையே கருவியாகக் கொண்டு அது காரியத்தை முடித்துவிடுகிறது. ஆயினும் அந்தச் சவ்வு உற்பத்தியாகும் கூடத்தில் பயன்படும் கரைப்பான்களோ கருவிலுள்ள சிசுவுக்கும் தீங்கு விளைவிக்கக்கூடியவை. இந்த முரண்பாட்டைப் போக்குவதற்கு, ஒரு கரைப்பானின் இடத்தில் வேறொன்றை வைத்தால் போதும் என்ற நம்பிக்கை பரிசீலனைக்குரியது.

சவ்வு செய்யும் முறை பார்வைக்கு எளியது. பாலிசல்ஃபோன், பாலிஇமைடு போன்ற பாலிமரைக் கரைத்து, மெல்லிய ஏடாகப் பரப்பியோ, உட்புழையுள்ள இழையாக இழுத்தோ நீரில் அமிழ்த்தினால், கரைப்பான் வெளியேறி நீர் உட்புகும் சொற்ப நேரத்தில் பாலிமர் உறைந்து, மேலே அடர்ந்த தோலும் கீழே நுண்துளைகள் மலிந்த தாங்கியுமாக உருக்கொள்கிறது. இதற்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்தவை என்.எம்.பி., டி.எம்.எஃப். என்னும் கரைப்பான்கள். பலவகைப் பாலிமர்களைக் கரைப்பதும், நீரோடு தாராளமாகக் கலப்பதும் அவற்றின் விசேஷம். இனப்பெருக்கத்துக்கு ஊறு செய்பவை என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் முன்னதன் உபயோகத்தை 2020 மே மாதத்திலிருந்தும், பின்னதன் உபயோகத்தை 2023 டிசம்பரிலிருந்தும் கட்டுப்படுத்திய பின், செல்லுலோஸிலிருந்து கிடைக்கும் சைரீன், தாவரச் சர்க்கரைகளிலிருந்து செய்யத்தக்க காமா-வலரோலாக்டோன் முதலியவற்றின்மீது ஆராய்ச்சியாளர் கவனம் மேலும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

ஆனால் கரைப்பான் வெறும் வாகனம் அன்று. அது எவ்வளவு கெட்டியானது, நீரோடு எவ்வளவு விரைவில் இடம் மாறுகிறது என்பவற்றைப் பொறுத்தே சவ்வின் தோல் அமைகிறது. என்.எம்.பி.யைவிடக் கெட்டியான சைரீனை அதன் இடத்தில் அப்படியே ஊற்றினால் பிறப்பது வேறொரு சவ்வு. நீரைச் சுத்திகரிக்கும் சவ்வில் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படும் குறை வாயுச் சவ்வில் பொறுக்கப்படுவதில்லை. கரியமில வாயு மூலக்கூறுக்கும் மீத்தேன் மூலக்கூறுக்கும் உள்ள வித்தியாசம் அரை ஆங்ஸ்ட்ராம் அளவே ஆதலால், ஒரு மைக்ரானின் பத்திலொரு பங்கு கனமுள்ள தோலில் சிற்சில துளைகள் நேர்ந்தாலும் இரு வாயுக்களும் கலந்தே கடந்துவிடும். அத்துளைகளைச் சிலிக்கோன் பூசி அடைக்கும் உபாயம் உண்டு. அந்தப் பூச்சைக் கரைக்க ஹெக்ஸேன் போன்ற மற்றொரு கரைப்பான் வேண்டியிருக்கிறது.

சரித்திரம் இங்கே ஒரு பாடம் சொல்கிறது. 1960ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் லோபும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் இத்தகைய சவ்வை முதன்முதலாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் பொருட்டு உருவாக்கியபோது, செல்லுலோஸ் அசிட்டேட்டைக் கரைக்க அவர்கள் கொண்டது அசிட்டோன். எளிதில் தீப்பற்றும் என்றாலும், இன்றைய விஷக் கரைப்பான்களோடு ஒப்பிட அது சாதுவானதே. வெப்பத்தையும் இரசாயனங்களையும் தாங்கும் உறுதியான பாலிமர்களை நாடியதாலேயே வலிய கரைப்பான்களின் ஆதிக்கம் ஏற்பட்டது. ஆகவே பாலிமரை மாற்றாமல் கரைப்பானை மட்டும் மாற்ற முயல்வது, பிரச்சினையின் பாதியை மறந்த முயற்சியாகும். பெபாக்ஸ் என்னும் பாலிமர் எத்தனாலும் நீரும் சேர்ந்த கலவையிலேயே கரைந்து, கரியமில வாயுவை நன்கு கடத்தும் படலமாகிறது. எனினும் அதைத் தாங்கும் அடித்தளம் பெரும்பாலும் பழைய கரைப்பானிலேயே செய்யப்படுவதால், இவ்வழியிலும் பாதி தூரமே கடந்திருக்கிறோம்.

தாவரத்திலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் பரிசுத்தமாகிவிடாது. சைரீனும் காமா-வலரோலாக்டோனும் 200 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே கொதிப்பவை. கழுவிய நீரிலிருந்து அவற்றை மீட்க, முதலில் அவ்வளவு நீரையும் ஆவியாக்கியாக வேண்டும் என்பதால், அந்த எரிபொருளும் கணக்கில் ஏற வேண்டும். என்.எம்.பி.யே ஒரு காலத்தில் குளோரின் கலந்த கரைப்பான்களுக்குப் பாதுகாப்பான மாற்றாக வரவேற்கப்பட்டது என்பதை நினைத்தால், புதியது என்பதே குற்றமற்றது என்பதற்கு அத்தாட்சியாகாது என்று விளங்கும்.

எனவே கரைப்பானையும் பாலிமரையும் ஒருங்கே தேர்ந்தெடுப்பதும், அது கைகூடாத இடத்தில் பழைய கரைப்பானை மூடிய சுற்றில் மீட்டு மீண்டும் உபயோகிப்பதுமே விவேகமான மார்க்கம். பசுமைப் பட்டம் கரைப்பானின் பூர்வோத்தரத்தைப் பார்த்துத் தரப்படாமல், ஒரு சதுரமீட்டர் சவ்வுக்குச் செலவான எரிபொருள், வெளியேறிய கழிவு, தொழிலாளி சுவாசித்த ஆவி ஆகிய மூன்றையும் நிறுத்துப் பார்த்தே தரப்பட வேண்டும்.